சிங்கி இறால் முதுகு

பாஸ்டன்,
1769 ஜூன் 21

அன்புள்ள அக்கா,

வண்டிக்காரர் பீலெக்கிடம் நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. "ராஜாவோட சிப்பாய்ங்களை அந்த ஊர்ல என்னமோ மீன் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களாமே, ஏன்னு என் தங்கச்சியைக் கேளு" என்றாயாம். நான் ஊரை விட்டு வந்த பிறகு நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. அதனால் உடனே உட்கார்ந்து எழுதினேன். மீன் இல்லை அக்கா, சிங்கி இறால். நண்டுக்கு இருப்பதுபோல் பெரிய கொடுக்குகள் இருக்கும். வெந்ததும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். சிப்பாய்களின் கோட்டும் அதே நிறம், அதனால்தான் அந்தப் பெயர் என்று எழுதி மடித்தும் வைத்துவிட்டேன். அது நேற்றுக் காலை. இன்று அதை அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் தங்கித் தையல் வேலை செய்யும் விதவை ஹாலட் வீட்டுப் பசு பொதுத் திடலில் மேய்கிறது. அதைப் பிடித்துவர நேற்று போனேன். பட்டாளம் முழுவதும் சதுரமாக நின்றிருந்தது. நடுவில் மூன்று ஈட்டிகளை முக்காலிபோல் சேர்த்துக் கட்டி, அதில் ஒருவனை, இடுப்புக்கு மேல் துணியில்லாமல், கைகளை விரித்துக் கட்டியிருந்தார்கள். சவுக்கால் அடிப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. அது முரசுக்காரர்களின் வேலையாம். காலையில் முரசு கொட்டும் அதே பையன்கள், மஞ்சள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முறை வைத்து அடிக்கிறார்கள். பட்டாளத்தில் அவர்களுக்கு மட்டும்தான் மஞ்சள் கோட்டு. அடிக்கிறவன் கையில் வேகம் குறைந்தால் முரசுக்காரர்களின் தலைவன் பின்னால் நின்று அவனைப் பிரம்பால் அடிக்கிறான். இரண்டாவதாக வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். பிரம்படி பட்டும் கையை உயர்த்தவில்லை. அதற்குள் கட்டியிருந்தவனின் தலை தொங்கிவிட்டது. பட்டாள வைத்தியர் வந்து பார்த்து "போதும்" என்றார்.

சதுரத்துக்கு வெளியே தெருப் பையன்கள் கூத்தாடினார்கள். "ஏய் சிங்கி இறாலு! ரத்த முதுகு! வெந்துட்டியாடா?"

கட்டப்பட்டிருந்தவன் யார் தெரியுமா? எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் மார்ஜரியின் புருஷன் ஹியூ. காவல் நேரத்தில் தூங்கிவிட்டானாம். மருத்துவக் கொட்டகையில் இடமில்லை என்று அவனை எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்தார்கள். தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது அந்த முதுகைப் பார்த்தேன். காயங்கள் ஒரே பக்கமாக இல்லை. வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. ஏன் அப்படி என்று எனக்குப் புரியவில்லை.

மார்ஜரியே பேசினாள். "பொண்ணே, இறால் பச்சையா இருக்கறப்ப பாத்திருக்கியா? கறுப்பா, பாசி நிறமா இருக்கும். கொதிக்கிற தண்ணியில போட்டாத்தான் செவக்கும். உங்க ஊர்ப் பசங்க கோட்டைப் பாத்துக் கத்தறானுங்கன்னு நெனச்சியா? கோட்டுக்கு உள்ள இருக்கறதைச் சொல்றானுங்கடி."

அக்கா, நீ பன்றிக் கொழுப்பில் வேலியோரப் பச்சிலை போட்டுக் காய்ச்சுவாயே, அந்தக் களிம்பு ஒரு குப்பி அனுப்பு. என் மேல் இருக்கும் கோபத்தை அந்த மனிதன் மேல் காட்டாதே.

உன் தங்கை,
ஜெரூஷா

*

நார்த் ஹாலோ,
ஜூலை 2

ஜெரூஷா,

களிம்பு அனுப்பியிருக்கிறேன். மெல்லிய துணியில் தடவிப் போடு, அள்ளி அப்பாதே. குப்பியைத் திருப்பி அனுப்பு.

கோபம் என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம். என் புருஷன் ஜோசையா செத்த வருஷமே நீயும் கிளம்பிப் போனாய். வைக்கோல் வெட்டு நேரத்தில் ஒரு பெண் இரண்டு ஆள் வேலை செய்தால் அவளுக்குக் கடிதம் எழுத நேரம் இருக்காது. அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆள் கிடைத்திருக்கிறது. பேர் ஜேபஸ். போன வாரம் சாக்குத் துணியைப் போர்த்திக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் வந்து நின்றான். வேலை கேட்டான், வேறெதுவும் பேசவில்லை. பட்டாளத்திலிருந்து ஓடி வந்தவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. இங்கே யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவனுக்கு மரியாதை வேறு. பக்கத்துப் பண்ணை ஏமஸ் ஆப்பிள் மது ஒரு ஜாடி கொண்டுவந்து, "பாவம், என்ன அடி வாங்கியிருப்பானோ! ரத்த முதுகுக்காரனுக்கு நான் குடுக்கலேன்னா வேற யாரு குடுப்பா" என்று கண் கலங்குகிறார். அந்த ஆள் எனக்கு ஒரு முட்டை கொடுத்ததில்லை.

இவன் எவ்வளவு வெயிலானாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. ஏமஸின் ஆட்கள் இடுப்பு வரை வெற்று உடம்போடு வேலை செய்யும்போது இவன் மட்டும் தொப்பலாக நனைந்து நிற்கிறான். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குப் புரிந்துவிட்டது, நான் கேட்கவில்லை. ஜோசையாவின் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். சாக்கு உராய்ந்தால் புண்ணுக்கு ஆகாது என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரே தொல்லை, ஆள் இடதுகைக்காரன். நீள அரிவாளை எதிர்ப்பக்கமாக வீசுகிறான். வரிசையில் நிறுத்தினால் பக்கத்து ஆளின் காலை எடுத்துவிடுவான். அதனால் வயலின் மறுகோடியில் தனியாக வெட்டவிட்டிருக்கிறேன். மாலையில் இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கின்றன. அழகாகத்தான் வெட்டுகிறான்.

இப்போது நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரிக்காதே.

கெசியா

*

பாஸ்டன்,
ஜூலை 12

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டியிலேயே, காலி வெல்லப்பாகுப் பீப்பாய்களுக்கு நடுவில், ஹியூ வருகிறான். அவனை வெளியே நிற்க வைத்துவிட்டாவது இதை முழுக்கப் படி.

நான் செய்தது இதுதான். மார்ஜரி அவன் முதுகை உப்புத் தண்ணீரால் கழுவுவாள். காயம் பொருக்குத் தட்டினால் நகத்தால் பெயர்த்துவிடுவாள். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். அவன் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான், அவள் அழுதுகொண்டே கீறிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவள் துணி துவைக்கப் போகும் நேரங்களில் உள்ளே போய் உன் களிம்பைத் தடவினேன். ஹியூ வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் களிம்பு பட்டதும், குளிர்ச்சி தாங்காமல் குழந்தைபோல் அழுதான். உன் களிம்பு நல்ல களிம்பு அக்கா. புதுத் தோல் வந்துவிட்டது.

திங்கட்கிழமை பட்டாள வைத்தியர் வந்தார். முதுகைத் திருப்பிப் பார்த்து, "அருமையா ஆறிடுச்சே!" என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை திடலுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ஜரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ தடவினியா? எத்தனை நாளா தடவினே? பாவி, அவனுக்குப் பாதிதான்டி ஆகியிருக்கு! மீதி அடி முதுகு ஆறின பிறகு. ஆறாம இருக்கற வரைக்கும்தான் அவன் என்கிட்ட இருப்பான். அதுக்குத்தான்டி நான் தெனமும் அவனைக் கொன்னுக்கிட்டிருந்தேன்!"

எனக்கு யாருமே சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். குணப்படுத்தி மறுபடி அடிப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்?

மீதியை வாங்கினால் அவன் பிழைக்க மாட்டான். எனக்குத் தெரிந்த பட்டிக்காட்டு வீடு உன் வீடு ஒன்றுதான். உன் கடிதத்தை மார்ஜரிக்குப் படித்துக் காட்டினேன். "எங்க அக்கா வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் பத்திரமா இருக்கான், பயப்படாதே" என்று சொல்வதற்காகத்தான். இடதுகை என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

அந்தக் காயங்கள் ஏன் வலைபோல் இருந்தன என்று இப்போது தெரியும். முதலில் வலதுகைக்காரன் அடிப்பான், பிறகு இடதுகைக்காரன். அப்போதுதான் அடிமேல் அடி குறுக்கே விழும். அதற்கென்றே பட்டாளத்தில் ஓர் இடதுகை முரசுக்காரனை வைத்திருந்தார்கள். பெயர் ஜேபஸ் லின். திடலில் பாதியில் நின்றவன் அவன்தான். மறுநாள் காலை முரசுக்கு அவன் வரவில்லை.

அக்கா, உன் ஜேபஸ் அடி வாங்கியவன் இல்லை. அடித்தவன். அவன் இருக்கும் இடத்துக்கு ஹியூவை அனுப்புகிறேன். வேறு வழி தெரியவில்லை. மார்ஜரி சொல்லச் சொன்னாள்: "அந்த நாயை முதல்ல வெரட்டச் சொல்லு."

ஜெரூஷா

*

நார்த் ஹாலோ,
ஜூலை 17

ஜெரூஷா,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். பீலெக் வண்டியிலிருந்து இறங்கியவன் கால் தள்ளாடி, என் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜேபஸ் வயலிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். குவளை கீழே விழவில்லை. ஜேபஸ் அதை நிதானமாக வாளியின் மேல் வைத்தான்.

"சட்டையைக் கழட்டு" என்றேன்.

"வேண்டாம்மா."

"என் புருஷனோட சட்டை அது. கழட்டு."

கழற்றினான். ஜெரூஷா, ஒரு கீறல் இல்லை. தொட்டில் குழந்தையின் முதுகுபோல் இருந்தது. இத்தனை நாள் நான் அந்த முதுகுக்காக மெல்லிய துணியாகத் தேடித் தேடித் துவைத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாளியைத் தூக்கி அவன் மேல் ஊற்றினேன். அவன் அப்படியே நின்றான்.

"நான் அடி வாங்கினேன்னு யார்கிட்டயும் சொல்லலம்மா. இல்லைன்னும் சொல்லல" என்றான்.

ஹியூ அவனை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், தடுப்பதாகவும் இல்லை. ஆனால் அவன் கேட்டது வேறு.

"நீ ஏன்டா நிறுத்தினே?"

"என்னால முடியல ஹியூ."

"உன்னால முடியலையா? கட்டியிருந்தது என்னை. நீ பாட்டுக்கு அடிச்சிருந்தா அன்னிக்கே ஒரே தடவையில முடிஞ்சிருக்கும். செத்திருந்தா செத்திருப்பேன், பொழச்சிருந்தா பொழச்சிருப்பேன். நீ நின்னதாலதான்டா வைத்தியன் வந்தான். நீ நின்னதாலதான் எனக்குப் பாதி பாக்கி." பிறகு என்னைப் பார்த்து, "உங்க தங்கச்சியும் நல்ல பொண்ணுதாம்மா. இவங்க ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்துதான் நான் இந்தக் கதிக்கு வந்தேன்" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஜேபஸைப் போகச் சொன்னேன். ஹியூதான் தடுத்தான். "வெளிய போனா புடிச்சிருவானுங்க. புடிச்சா இங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சு போயிரும். கெடக்கட்டும்." ஆக, ஒருவன் களஞ்சியத்தில் படுக்கிறான், மற்றவன் மாட்டுக்கொட்டிலில். ஒரே பீன்ஸ் பானையிலிருந்து இரண்டு தட்டுக்குப் போடுகிறேன். ஊரில் யாருக்கும் இன்னும் எதுவும் தெரியாது. ஹியூ என் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.

நீ செய்தது தப்பா என்று கேட்பாய். களிம்பு காய்ச்சியவள் நான். என்னைக் கேட்காதே.

கெசியா

*

பாஸ்டன்,
ஜூலை 25

அக்கா, அவசரம்.

நேற்று ஒரு சார்ஜென்ட் இரண்டு சிப்பாய்களோடு மார்ஜரியை விசாரிக்க வந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. போகும்போது என்னிடம், "எங்க போயிருவான்? முகத்தை மாத்திக்கலாம், பேரை மாத்திக்கலாம். எங்க முத்திரை முதுகுல இருக்கு பொண்ணே, அதை எப்படிக் கழுவுவான்?" என்றான். உழவர் உடையில் ஆட்களை மேற்கே அனுப்புகிறார்களாம். வெயில் காலம், வயலில் எல்லாரும் சட்டையில்லாமல் இருப்பார்கள், சும்மா நடந்து போனாலே போதும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஹியூவை வயலுக்கு அனுப்பாதே. ஜேபஸ் எக்கேடு கெட்டும் போகட்டும் என்று மார்ஜரி சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை.

ஜெரூஷா

*

நார்த் ஹாலோ,
ஆகஸ்ட் 1

ஜெரூஷா,

உன் கடிதம் வந்து சேருவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

மழை வரும்போல் இருந்தது. வைக்கோல் நனைந்தால் குளிர்காலத்தில் மாடு சாகும். ஏமஸும் அவர் ஆட்களும் உதவிக்கு வந்திருந்தார்கள். ஹியூவும் சட்டையோடு வரிசையின் ஓரத்தில் வாரிக்கொண்டிருந்தான். மூன்று பேர் வேலியருகே வந்து நின்றார்கள். உழவர் வேஷம். காலில் மட்டும் முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றிய பூட்ஸ்.

"என்ன இப்படிக் கொளுத்துது! சட்டையைக் கழட்டிட்டு வேலை செய்யலாமே!" என்றான் அவர்களில் பெரியவன்.

"நாங்க கழட்டினா உங்க கண்ணு கூசும்" என்றார் ஏமஸ்.

அவன் கைத்துப்பாக்கியைக் காட்டினான். ஏமஸ் முதலில் கழற்றினார். பிறகு அவர் ஆட்கள், ஒவ்வொருவராக. அந்த மனிதர்கள் வரிசையாக நடந்து முதுகு முதுகாகப் பார்த்தார்கள். யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சந்தையில் மாடு பார்ப்பவனாவது முகத்தைப் பார்ப்பான். ஹியூவுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவன் சட்டைப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மறுகோடியிலிருந்து ஜேபஸ் நடந்து வந்தான். அரிவாளைக் கீழே வைத்தான். சட்டையைக் கழற்றி, மடித்து, வேலிக்கல் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நின்றான். ஏமஸ் வாயைப் பிளந்தார். ஊரே இத்தனை நாள் ரத்த முதுகுக்காரன் என்று கொண்டாடிய ஆள் பால்போல் மாசில்லாத முதுகோடு நிற்கிறான்.

"இவன் இல்ல, அடுத்தவன்" என்றான் ஒருவன்.

"முதுகைப் பாத்தது போதும் சார்ஜென்ட். என் மூஞ்சியைப் பாருங்க" என்றான் ஜேபஸ்.

அந்த மனிதன் பார்த்தான். "அட, நம்ம இடதுகை லின்!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். ஓடிப்போன முரசுக்காரன் கிடைத்த சந்தோஷத்தில் மீதி முதுகுகளை மறந்துவிட்டார்கள். அவன் கையைக் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். ஹியூவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் அவன் மேல் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, ஜெரூஷா. அப்போதும் பேசவில்லை. பேசியிருந்தால் சந்தேகம் வரும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏமஸ் வெகுநேரம் கழித்து, "அப்போ என் ஆப்பிள் மதுவை..." என்று ஆரம்பித்தார். ஹியூ தன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். ஹியூவை அவரே தன் குதிரையில் வடக்கே, நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மார்ஜரியைப் பீலெக் வண்டியில் அனுப்பு. வழி அவருக்குத் தெரியும்.

அவனை என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுது. எதையும் குறைத்து எழுதாதே.

கெசியா

*

பாஸ்டன்,
ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்கா,

குறைக்காமல் எழுதச் சொன்னாய்.

மார்ஜரி போய்விட்டாள். ஜேபஸ் செய்ததைச் சொன்னபோது நெடுநேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மருத்துவக் கொட்டகையில் துணி துவைக்கும் தன் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். "உள்ள போக வேற வழி இல்ல, அவனுக்கு யாராவது வேணும்" என்றாள். அவனை நாய் என்று சொன்னவள் அவள்தான்.

சனிக்கிழமை காலை திடலில் சதுரம் கட்டினார்கள். ஜேபஸைக் கட்டியவர்கள் அவனோடு முரசு கொட்டிய பையன்கள். அவன் உடம்பில் கால்சட்டை மட்டும்தான். சிவப்புக் கோட்டும் இல்லை, மஞ்சள் கோட்டும் இல்லை. அவன் வாழ்நாளில் சிவப்புக் கோட்டுப் போட்டதே இல்லை அக்கா. ஆனால் முதல் அடிக்கே தெருப் பையன்கள் கத்தினார்கள், "சிங்கி இறாலு! சிங்கி இறாலு!" கோட்டின் நிறத்தால் வந்த பெயர் என்று உனக்கு எழுதியவள் நான். அந்தக் கடிதத்தை எரித்தது நல்லதாகப் போயிற்று.

இடதுகைக்காரன் இப்போது பட்டாளத்தில் இல்லை. அதனால் காயங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கின்றன. அடித்த பையன்களில் ஒருவன்கூட நிற்கவில்லை. ஜேபஸ்தான் அவர்களிடம் "நிறுத்தாதீங்கடா, நிறுத்தாதீங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கட்டையைக் கடிக்கக் கொடுத்தும் வாங்கவில்லை. எனக்கு அது அப்போது புரியவில்லை என்று சொல்ல முடியாது. புரிந்தது. ஆனாலும் அவன் மயங்கிவிட்டான். வைத்தியர் வந்து "போதும்" என்றார்.

பாதிதான் ஆகியிருக்கிறது.

கொட்டகையில் குப்புறப் படுத்திருக்கிறான். நினைவு வந்து போகிறது. ஒருமுறை கண்ணைத் திறந்து, "வைக்கோல் நனையாம உள்ள போச்சா?" என்று கேட்டான். போயிற்று என்றேன். உன்னைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை. வைத்தியர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து பார்க்கிறார். கொட்டகைக் காவலுக்கு இருக்கும் கிழவர் மதியத்தில் தூங்குகிறார், பின்பக்கப் பலகை ஒன்று இற்றுப்போயிருக்கிறது. ஆனால் இப்போது அவனால் எழுந்து நிற்கக்கூட முடியாது. நடக்க வேண்டுமென்றால் காயம் ஆற வேண்டும். ஆறினால் திடலுக்குக் கொண்டுபோவார்கள்.

இன்று காலை பொருக்குத் தட்ட ஆரம்பித்திருக்கிறது. என் மடியில் ஈரத் துணி இருக்கிறது, பக்கத்தில் உப்பு இருக்கிறது. என்னால் பொருக்கைப் பெயர்க்கவும் முடியவில்லை, ஆறவிடவும் முடியவில்லை. நான் என்ன செய்யட்டும் அக்கா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஜெரூஷா

*

நார்த் ஹாலோ,
ஆகஸ்ட் 18

ஜெரூஷா,

மாடுகளை ஏமஸிடம் ஒப்படைத்துவிட்டேன். இதைக் கொண்டுவருபவன் குதிரையில் வருகிறான், நான் பின்னால், ஓர் ஆள் படுத்து வரும் அளவுக்கு வைக்கோல் பரப்பிய வண்டியில் வருகிறேன். அவன் முன்னதாக வந்துவிடுவான்.

நான் வந்து சேரும்வரை ஆறவிடாதே.

கெசியா